மெத்தைக்காரி எடுத்த பாலிசி

மெத்தைக்காரிக்குத் தூக்கம் கெட்டது அடுத்த தெரு லாரிக்காரர் செத்த அன்றைக்குத்தான். அவர் இவர்களுக்குச் சொந்தமும் இல்லை, பெரிய சிநேகமும் இல்லை. ஒரு மெத்தையும் இரண்டு தலையணையும் தைத்துக் கொடுத்த பழக்கம், அவ்வளவுதான். துக்கம் கேட்கப் போனாள். லாரிக்காரர் பெண்டாட்டி அழுதிருந்தால் இவளும் கூட உட்கார்ந்து அழுதுவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்க வந்திருப்பாள். அந்தப் பெண் அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் பார்த்து, "இனிமே நான் என்ன பண்ணணும்? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் என்ன சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்காரியின் கண் நேரே பாப்பாவின் மேல்தான் போனது.

பாப்பா என்றதும் தொட்டில் குழந்தை என்று நினைக்க வேண்டாம். முப்பது தாண்டிய பெண். அம்மாவை விட உயரம், அப்பாவை விடக் கனம். காதோரத்தில் ஒன்றிரண்டு முடி நரைத்தும் விட்டது. ஆனால் உள்ளே இருக்கிற பிள்ளை நாலு வயதிலேயே நின்றுவிட்டது. தலை வாரிவிட வேண்டும், குளிப்பாட்டிவிட வேண்டும். தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டினால் சாப்பிடமாட்டாள். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சிரித்தால் மட்டும் வீடு முழுக்கக் கேட்கும். அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வராது.

"ஏங்க, நமக்கு ஏதாவது ஆச்சுன்னா இவளை யார் பாப்பாங்க?"

மெத்தைக்காரர் பஞ்சு மிஷினை நிறுத்தவில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவர் பஞ்சு பிரிப்பார். கதவைத் திறந்தால் பஞ்சு பறந்து தெருவுக்குப் போய்விடும். அவள் எப்போதும் வாசல் நிலையோரம் உட்கார்ந்து தைப்பாள். ஊசிக்கு வெளிச்சம் வேண்டுமே. இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான், அவர் உள்ளே, இவள் வாசலில். பேச்சு எல்லாம் கதவு வழியாகக் கத்திக் கத்தித்தான்.

"காது கேக்குதா இல்லையா?"

"கேக்குது கேக்குது. எனக்கு என்ன ஆகப் போகுது? தூண் மாதிரி நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்குவதே இல்லை. மெக்கானிக் கையில் எண்ணெய் இருக்கும், மீன்காரி சேலையில் வாடை இருக்கும், மெத்தைக்காரருக்கு இருமல் இருக்கும். அவர் அப்பாவும் இருமினார். அதற்கு என்ன?

மெத்தைக்காரி விடவில்லை. ஒன்றை நினைத்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் என்று சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதே பேச்சு. கடைசியில் அவர் அலுத்துப்போய், "சரி, யாரையாவது கூட்டிட்டு வா" என்றார்.

முதலில் வந்தவன் ஒரு ஏஜென்ட் பையன். தலையில் அவ்வளவு எண்ணெய், வாயில் அதைவிட அதிகம். அவன் கம்பெனியைப் போல உலகத்தில் கம்பெனியே இல்லை என்றான். பாப்பா அவன் மடியில் ஒரு பஞ்சு உருண்டையை ஆசையாகக் கொண்டுபோய் வைத்தாள். அவன் புழுவைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு, "ஐயா எந்த இடத்துல கையெழுத்து போடுவாரு?" என்று கேட்டான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை. மெத்தைக்காரி எழுந்து, "தம்பி, நீங்க போய்ட்டு வாங்க. வராட்டியும் பரவாயில்ல" என்று அனுப்பிவைத்தாள்.

அப்புறம்தான் தலையணைக்கு உறை தைக்கக் கொடுக்க வந்த நர்ஸம்மா சொன்னாள். "ஏஜென்ட் வேணாம்க்கா. அவங்க ஒரு கடைச் சரக்கைத்தான் விப்பாங்க. கண்ணாடிக் கடை மாடியில ஒரு தரகர் இருக்கார். பல கம்பெனியைப் பாத்து நமக்கு எது சரிப்படும்னு சொல்வார். எங்க அப்பாவுக்கு அவர்தான் பாத்தார். என்ன, கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுடுவார். எல்லாரும் கேள்விக்காரர்னுதான் சொல்லுவாங்க."

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணத்துக்குத் தரகர் உண்டு. வீட்டுக்குத் தரகர் உண்டு. சாவுக்குமா தரகர்? நல்ல இடமா பாத்து முடிச்சுக் குடுப்பாராமா?"

"வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். ஆனாலும் அவரை இழுத்துக்கொண்டுதான் போனாள்.

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஒடுக்கமான படி. மேலே ஒரே அறை. மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் கேன், சத்தம் போடுகிற மின்விசிறி. கேள்விக்காரர் பருத்த மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடியை அவர் மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பாப்பா போய் அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் சிரித்தார். "அடடே, இந்த ஆபீஸ்ல முதல் தடவையா வேலை தெரிஞ்ச ஆள் வந்திருக்காங்க" என்றார். அங்கேயே மெத்தைக்காரிக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மெத்தைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறது?" என்று முதல் கேள்வியை இவரே போட்டார்.

"நல்ல கேள்வி ஐயா. நீங்க பாலிசி எடுத்தா அந்தக் கம்பெனி எனக்கு ஒரு பங்கு தரும். உங்க கையிலேருந்து நான் தனியா எதுவும் வாங்கமாட்டேன். எந்தக் கம்பெனி எனக்கு எவ்வளவு தருதுன்னு கேட்டீங்கன்னா அதையும் சொல்லிடுவேன். இப்ப என் முறை."

அவர் முறை வந்ததும் மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை. அப்பா எதனால் போனார், அம்மா எதனால் போனார், பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா, எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்தது உண்டா? மெத்தைக்காரர் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். நடுவில் இருமினார்.

"இந்த இருமல் எத்தனை நாளா?"

"இதுவா? இது தொழில்."

"தொழில்னா?"

"பஞ்சு வேலை செய்றவன் இருமாம வேற என்ன செய்வான்? இது வியாதி இல்லீங்க."

"இருக்கட்டும். எழுதிக்கிறேன்."

"எழுதாதீங்க. அதைப் பாத்து அவன் பயந்து பாலிசி குடுக்கமாட்டான்."

கேள்விக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இன்னிக்கு மறைச்சு எழுதினா பாலிசி சுலபமா கிடைக்கும். நாளைக்கு உங்க வீட்டம்மா அதை எடுத்துட்டு வந்து நிப்பாங்க. அப்ப கம்பெனிக்காரன் தோண்டுவான். எங்கயோ ஒரு டாக்டர், என்னிக்கோ ஒரு இருமல் மருந்து எழுதிக் குடுத்திருப்பார். அதைக் காட்டி, நீங்க பொய் சொன்னீங்க, காசு இல்லைன்னுடுவான். அப்ப நீங்க இருக்கமாட்டீங்க. இவங்க அழுதுட்டு என் முன்னாடிதான் நிப்பாங்க. நான் அதைப் பாத்திருக்கேன். மறுபடியும் பாக்க எனக்கு இஷ்டமில்ல."

எழுதினார். இருமலைப் பார்த்த கம்பெனி, ரத்தத்தோடு நெஞ்சுப் படமும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னது. மெத்தைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சட்டையைக் கழற்றி மிஷின் முன்னால் நின்றார். வந்த பிறகு ரெண்டு பேரும் அதை மறந்தே போனார்கள். பள்ளி விடுதி ஒன்றுக்கு மெத்தை வேலை வந்திருந்தது. தைத்துத் தள்ளினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கேள்விக்காரரே வீட்டுக்கு வந்துவிட்டார். படி ஏறி இறங்கவே கஷ்டப்படுகிற மனிதர், வெயிலில் நடந்து வந்திருந்தார். மெத்தைக்காரி அவசரமாக ஒரு மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார், சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கம்பெனி முடியாதுன்னுடுச்சு ஐயா. இன்னும் ரெண்டு இடத்துல கேட்டேன். அவங்களும் படத்தைப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. பாலிசி போகட்டும். நீங்க நாளைக்கே நெஞ்சு டாக்டரைப் பாக்கணும். நான் டாக்டர் இல்ல, அதனால வேற எதுவும் சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கே."

தரகர் என்றால் முடியாது என்ற சேதியை போனில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இவர் சொம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சொம்பை வாங்கக்கூட மெத்தைக்காரிக்குத் தோன்றவில்லை.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். நுரையீரல் இறுகிவிட்டதாம். காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி ஆகிவிட்டதாம். பஞ்சுத் தூசி வருஷக்கணக்கில் உள்ளே போய்ப் படிந்துகிடக்கிறதாம். திரும்ப நல்லதாக்க மருந்து கிடையாது, போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். "கட்டினா மூச்சு முட்டுதுங்க" என்றார் மெத்தைக்காரர். சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்து அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் பெண்டாட்டியோடு பேசவில்லை. பாப்பாவிடம் பேசினார், தெருவில் போகிறவர்களிடம் பேசினார், இவளிடம் மட்டும் இல்லை. ஒரு நாள் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தட்டைத் தள்ளிவிட்டு வெடித்தார். "நீதானே இழுத்துட்டுப் போனே? தெரியாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். என்னிக்கோ ஒரு நாள் பொத்துன்னு விழுந்திருப்பேன். இப்ப ஒவ்வொரு மூச்சையும் எண்ணிட்டு உக்காந்திருக்கேன். சந்தோஷமா உனக்கு?"

அவள் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்துகொண்டதால் யாருக்கும் நுரையீரல் இறுகாது. ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் யார் போய் அதைச் சொல்வது?

கொஞ்ச நாள் கழித்துக் கேள்விக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"ஐயாவுக்கு இனிமே எந்தக் கம்பெனியும் தராது. அந்தக் கதவு மூடியாச்சு. ஆனா பாப்பாவுக்கு இனி இருக்கப்போறது அம்மாதானே? பாலிசி எடுக்க வேண்டியது அம்மா பேர்ல."

மெத்தைக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இவ பேர்லயா? இவ என்னங்க சம்பாதிக்கறா? வீட்லதானே இருக்கா."

கேள்விக்காரர் வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்தார். மெத்தை தைக்கறது யாரு? அளவு எடுக்கப் போறது யாரு? துணிக்கடையில பேரம் பேசறது யாரு? பாப்பாவைக் குளிப்பாட்டறது யாரு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? மெத்தைக்காரர் ஒவ்வொன்றுக்கும் "இவதான்", "இவதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"சரி, இந்த அம்மாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"அம்பத்தி மூணு" என்றாள் அவள், வாசலில் இருந்தபடியே.

"அவங்க அம்மா எதனால தவறினாங்க?"

"வயசாகித்தான்."

"சர்க்கரை. காலை எடுத்தாங்க. நீங்க வந்து ஒரு வாரம் கூட இருந்தீங்களே, மறந்துட்டீங்களா?"

"இவங்களுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"

"இல்ல."

"பித்தப்பை எடுத்தாச்சு. அப்ப மூணு நாள் நீங்கதான் பாப்பாவுக்குத் தலை வாரினீங்க. சிக்கெடுக்கத் தெரியாம முன்முடியைக் கத்தரிச்சு விட்டுட்டீங்க."

பாப்பா பலமாகச் சிரித்தாள். கேள்விக்காரரும் சிரித்தார். மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்து வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எடுக்கலாம். இவ பேர்லயே எடுக்கலாம்" என்றார். அந்தச் சண்டைக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இப்போது நெஞ்சுப் படம் எடுக்க வேண்டிய முறை அவளுடையது. அவளும் அதே பஞ்சுக்குள் இருந்தவள்தானே. எடுக்கப் போகிற அன்று மெத்தைக்காரர் கூடவே வந்தார். காத்திருக்கிற இடத்து பெஞ்சில் பாப்பாவை நடுவில் உட்காரவைத்து இவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பக்கத்தில் இருந்தவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு இதுக்கு" என்றார். வியர்வை அவருக்குத்தான் கொட்டிற்று. முடிவு வரும் வரைக்கும் வீட்டில் மூன்று பேரில் பாப்பா மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

கேள்விக்காரர் இந்தத் தடவை போனில்தான் சொன்னார். நல்ல சேதிக்கு அவர் நடந்து வருவதில்லை போல. "அம்மா நெஞ்சு சுத்தமா இருக்கு."

மெத்தைக்காரி போனைக் கீழே வைத்துவிட்டு தான் உட்காருகிற இடத்தைப் பார்த்தாள். வாசல், வெளிச்சம், தெருக்காற்று. உள்ளே இருக்கிற அறையைப் பார்த்தாள், மூடின கதவு. "என்னை வாசல்லயே உக்காரவெச்சீங்களே. தெருவுல போறவன் வர்றவன் கண்ணுல படற மாதிரி இருக்கேன்னு எத்தனை தடவை சண்டை போட்டேன்" என்றாள்.

"நான் ஒண்ணும் நினைச்சுப் பண்ணல. காத்து வந்தா பஞ்சு பறக்கும், அதான்" என்றார் அவர். அப்படியெல்லாம் பெருமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

கேள்விக்காரர் நாலைந்து கம்பெனியைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். அதில் ஒரு வசதி. அவள் போன பிறகு காசை ஒரேயடியாகக் கொட்டிக் கொடுக்காமல் மாசா மாசம் கொடுப்பார்கள். மொத்தமாகக் கொடுத்தால் யாராவது தின்றுவிடுவார்கள் என்றார். அவர் சொல்வது சரிதான். இவர்கள் மூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். அப்போதுதான் அவர் கடைசிக் கேள்வியைப் போட்டார்.

"பாப்பா கையெழுத்துப் போட முடியாது. அவங்களுக்காக வாங்கி, அவங்களுக்காகச் செலவு பண்ண ஒரு ஆள் வேணும். கோர்ட்டும் ஒத்துக்கணும். யார் பேரை எழுத?"

மெத்தைக்காரி கையில் இருந்த ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள்.

"நான் சாகமாட்டேன். இவளை வெச்சுட்டு நான் சாகமாட்டேன். அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்க" என்றாள் மெத்தைக்காரி.

"விட முடியாதும்மா."

"முடியும். எழுதறவர் நீங்கதானே?"

"அம்மா, கம்பெனி காசு குடுக்கும். தலை வாரிவிட ஆள் குடுக்காது. அதை நீங்கதான் தேடணும். இதுல நான் தரகு பண்ண முடியாது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவர் காப்பி குடிக்காமலே போனார், இவள் கொடுக்கவும் இல்லை.

யார் என்று மெத்தைக்காரருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ரெண்டு பேருக்கும் மனசில்லை. மெத்தைக்காரருக்கு ஒரே ஒரு தம்பி, பஸ் டிரைவர். சின்னவர் என்றுதான் வீட்டில் சொல்வது. ரொம்ப காலத்துக்கு முன்னால் சின்னவர் மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்தார்கள். அண்ணன் குடும்பமும் போயிருந்தது. அப்போது சின்னவர் அண்ணன் காதோரம் வந்து, "பாப்பாவைக் கொஞ்சம் பின்னாடி ரூம்லயே வெச்சுக்கோங்கண்ணே, அவங்க போற வரைக்கும்" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மெத்தைக்காரர் பாப்பா கையைப் பிடித்து, வந்தவர்கள் நடுவிலேயே நடத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. சின்னவரும் வரவில்லை. சின்னவர் பெண்டாட்டி, அதாவது இவளுடைய ஓரகத்தி, சந்தையில் பார்த்தால் மட்டும் யாருக்கும் தெரியாமல் பாப்பா கையில் எதையாவது திணித்துவிட்டுப் போவாள்.

"நான் போய்க் கேக்கறேன்" என்றார் மெத்தைக்காரர் ஒரு காலையில்.

"நீங்களா? அந்த வீட்டுக்கா?"

"எனக்கு இனிமே ரோஷம் எதுக்குடி? வெச்சுக்க இடம்கூட இல்ல உள்ள."

சின்னவர் வீடு மூன்றாவது மாடி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவு வரை ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன் வாயைத் திறப்பது மாதிரித் திறந்து திறந்து மூடினார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டினாள். மெத்தைக்காரி மேலே போய்க் கதவைத் தட்டாமல், அங்கிருந்தபடியே, "கொழுந்தனாரே!" என்று கூப்பிட்டாள். அத்தனை வருஷமாக அடக்கி வைத்த குரல். படிக்கட்டு முழுக்க முழங்கிற்று.

சின்னவர் பனியனோடு இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"அண்ணனா? இப்படி ஏன்... மேல வா அண்ணே. நான் தூக்கிட்டுப் போறேன்."

"வேணாம்டா. இங்கயே பேசலாம். எனக்கு மேல ஏற மூச்சு இல்ல."

"சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே."

"வந்திருக்கமாட்டே."

சின்னவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. வந்திருக்கமாட்டேன்தான்" என்றார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவருக்கு அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. அண்ணன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"அதைப் பேச வரல. எனக்கு நாள் அதிகம் இல்லடா. இவ பேர்ல ஒரு பாலிசி போடறோம். இவளுக்கு அப்புறம் பாப்பாவுக்கு ஒரு ஆள் வேணுமாம். உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். வேற யாரும் இல்ல."

சின்னவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அவர் பனியனில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து ஓரகத்தியின் குரல் வந்தது.

"படியில உக்காந்து என்ன குடும்பக் கதை? பேர்தானே எழுதணும்? என் பேரை எழுதுங்கக்கா. இவர் பேரை எழுதாதீங்க. இவர் சட்டை எங்க இருக்குன்னே இவருக்குத் தெரியாது, இவரை நம்பி ஒரு பிள்ளையா?" இறங்கி வந்து பாப்பாவின் முகத்தைத் துடைத்தாள். "பின்னாடி ரூம்ல வைக்கச் சொன்னாரே இவர், அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். அப்ப மாமியார் இருந்தாங்க, பயம்."

மெத்தைக்காரிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கத்தான் செய்தது. ஆனால் அதே இடத்தில் முள் மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

கேள்விக்காரர் பேரை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுச் சும்மா இருந்தாரா? "பேர் மட்டும் போதாதும்மா. பாப்பாவுக்கு அந்த அம்மா பழகணும். அந்த அம்மாவுக்கும் பாப்பா பழகணும். நீங்க இருக்கும்போதே பழக்கிடுங்க" என்றார். மெத்தைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை தோறும் பாப்பா சித்தி வீட்டில் என்று அவர்தான் முடிவு பண்ணினார். முதல் சனிக்கிழமையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. ஒரு நாள் விடிந்த பிறகு, வாசல் நிலையோரம், பெண்டாட்டி உட்காருகிற இடத்தில் காற்றுக்காக உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று பாப்பா தலையணை கொண்டுவந்து வைத்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் கேள்விக்காரரும் இருந்தார். எதையும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

காரியம் எல்லாம் முடிந்து, மெத்தைக்காரி பாப்பாவைச் சின்னவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓரகத்தியை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். தட்டில் எதுவும் ஒட்டக் கூடாது. குக்கர் வைத்தால் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைப் பொத்தச் சொல்ல வேண்டும்.

"சரிக்கா. சரிக்கா."

"வாரும்போது கீழேருந்து சிக்கெடுக்கணும். மேலேருந்து இழுத்தா கத்துவா."

"பாத்துக்கறேன்க்கா. ரெண்டு பிள்ளை வளர்த்திருக்கேன்."

"அது வேற, இது வேற" என்றாள் மெத்தைக்காரி வெடுக்கென்று. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஓரகத்தி சீப்பை அவள் கையில் கொடுத்து, "நீங்க வாரிக் காட்டுங்க, பாக்கறேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பாப்பா அழுத அழுகை மூன்று மாடிக்கும் கேட்டது. மெத்தைக்காரி கீழே தெருவிலேயே நின்றாள், போகவில்லை. அழுகை நின்ற பிறகும் நின்றாள். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் அழுதாள். அதற்கு அடுத்தது கதவு வரைக்கும்தான் அழுகை. ஒவ்வொரு தடவையும் மெத்தைக்காரி கூட்டிப்போக வரும்போது, "ரொம்பத் தேடினாளா?" என்று கேட்பாள். முதலில் எல்லாம் ஓரகத்தி, "ஆமாக்கா, ரொம்ப" என்பாள். அப்புறம் அவளும் பொய் சொல்வதை விட்டுவிட்டாள்.

மழை வரும் போல இருந்த ஒரு சாயங்காலம் மெத்தைக்காரி படி ஏறிப் போனாள். கதவு திறந்தே இருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்து ஓரகத்தியின் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஓரகத்தி வாரிக்கொண்டிருந்தாள், கீழே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. சின்னவர் மூலையில் உட்கார்ந்து எதையோ கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா சிரித்தாள். வீடு முழுக்கக் கேட்கிற அந்தச் சிரிப்பு. மெத்தைக்காரி அதை இதுவரை வெளியே நின்று கேட்டதே இல்லை.

"பாப்பா, வா, போலாம்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "நீ போ. நாளைக்கு வா" என்றாள்.

ஓரகத்திக்குக் கை நின்றுவிட்டது. "பாப்பா, அம்மா வந்திருக்காங்க பாரு, எழுந்திரு" என்று தோளைத் தட்டினாள்.

"இருக்கட்டும்" என்றாள் மெத்தைக்காரி. "இருக்கட்டும். இதுக்குத்தானே."

அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பாப்பாவின் மாற்றுத்துணிப் பையை மூலையில் வைத்தாள். ராத்திரி விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம், பயப்படுவாள் என்று சொன்னாள். அது ஓரகத்திக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனாலும் புதிதாகக் கேட்பது போலத் தலையை ஆட்டினாள். அந்த ஒன்றுக்காகவே ஓரகத்தியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தெருவில் இறங்கி நடந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. சாலையைக் கடக்கிற இடம் வந்ததும் அவளுடைய இடது கை தன்னால் பக்கவாட்டில் நீண்டது. அங்கே பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. வண்டிகள் போய் வழி விட்டன. அவள் கடக்காமல் நின்றாள். கையை மடக்கினாள், சேலைக்குள் வைத்துப் பார்த்தாள், இடுப்பில் வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் சரியாக இல்லை. கடைசியில் அதை வலது கையாலேயே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.